வியன்னாவில் ஒரு தலைக் கிறிஸ்துமஸ்

உட்காருங்கள் அக்கா. அது யாருக்கும் போட்டுவைத்த இடம் இல்லை. ஸ்வெட்டர் கிடக்கிறதே என்று தயங்க வேண்டாம், எடுத்துவிடுகிறேன். என் கணவனுடையது. ஆள் ரயிலில்தான் இருக்கிறான், அடுத்த பெட்டியில். பாளையங்கோட்டையில் நீங்கள் ஏறும்போது உங்களுக்கு வழிவிட்டு ஒருவன் இறங்கினானே, உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, அவன்தான் ரூபஸ். இடம் இல்லாமல் போகவில்லை. இங்கே எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது, நீங்களே பாருங்கள்.

அவன் இவன் என்று சொல்வது உங்களுக்கு உறுத்தலாம். என் அம்மாவுக்கும் உறுத்தும். ஒரே வயது, ஒரே கல்லூரி, ஒரே கேன்டீனில் டீ குடித்தவர்கள் நாங்கள். தாலி ஏறிய மறுநாள் "அவர்" ஆகிவிட வேண்டும் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். இதுவரை எனக்கு யாரும் காரணம் சொல்லவில்லை.

திருச்செந்தூருக்கா? கோவிலுக்கா? நல்லது. நான் நாசரேத்தில் இறங்க வேண்டும். இனி செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, அப்புறம் நாசரேத்து. அதற்குள் நான் என் அப்பாவுக்குப் போன் செய்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொன்னால் ரூபஸ் நாசரேத்தில் இறங்குவான். சொல்லாவிட்டால் இறங்க மாட்டான். உங்களோடு திருச்செந்தூர் வரை வந்து, அங்கிருந்து பஸ் ஏறிச் சென்னைக்குத் திரும்பிவிடுவான். இப்படி ஒரு நிபந்தனை போட்டுவிட்டுத்தான் எழுந்து போனான். "இது மிரட்டல்" என்று நான் சொன்னேன். "பேரை நீயே வச்சுக்கோ" என்றான்.

நான் சட்டத்தில் ஆராய்ச்சி செய்கிறேன் அக்கா. நிபந்தனைக்கும் மிரட்டலுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். நான் தப்பாகப் பெயர் வைக்கவில்லை.

நியாயம் யார் பக்கம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் இருந்து சொல்ல வேண்டும். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே. ரயிலுக்கும் அவசரம் இல்லை.

போன மே மாதம் எங்களுக்குக் கல்யாணம். உங்களுக்குத் தலைத் தீபாவளி இருப்பதுபோல எங்களுக்குத் தலைக் கிறிஸ்துமஸ் உண்டு. கல்யாணம் முடிந்து வருகிற முதல் கிறிஸ்துமஸுக்குப் பெண் வீட்டில் மாப்பிள்ளையை முறைப்படி அழைப்பார்கள். புது வேட்டி சட்டை, கைக்கு மோதிரம், விடிவதற்கு முன்னால் நாலு மணி ஆராதனைக்கு மாமனாரோடு ஒன்றாக நடந்து போய் முன் பெஞ்சில் உட்காருவது, முடிந்ததும் கோவில் வாசலில் நின்று ஊர்க்காரர் ஒவ்வொருவரிடமும் "இதுதான் நம்ம மாப்ள" என்று கையைப் பிடித்துக் கொடுப்பது. பெண் எங்கே நிற்பாள் தெரியுமா? அம்மாவோடு பின்னால். அவள் பிறந்த ஊரில், அவள் ஞானஸ்நானம் பெற்ற கோவிலில், அவள் பின்னால் நிற்பாள். எனக்கு இது ஒத்துவராது. வரதட்சிணை வாங்கக் கூடாது என்று கல்யாணத்தில் பேசி முடித்தோம் அல்லவா, அது இப்படிப் பின்கதவு வழியாக மோதிரமாக உள்ளே வருகிறது. என் ஆராய்ச்சிக் கட்டுரையே அதைப் பற்றித்தான். கல்யாணத்துக்குப் பிந்தைய பரிசு வழக்கங்கள். அதை வாசிக்கத்தான் வியன்னாவில் இருந்து கருத்தரங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள், டிசம்பர் மாதம். நான் ரூபஸிடம், "நீயும் வா, கிறிஸ்துமஸ் முடிய அங்கேயே இருந்துவிட்டு வரலாம்" என்றேன். வழி தானாக அமைந்தது, நான் தேடவில்லை.

இதில் என் தப்பு எது என்று கேட்டால், ரூபஸ் நவம்பர் மாதத்தைச் சொல்வான்.

நவம்பரில் ஒரு நாள் காலை அப்பா சென்னைக்கு வந்து நின்றார். தகவல் இல்லை. நாசரேத்துக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், ஒரு நாள் அடைத்தால் பத்துப் பேர் தேடி வருவார்கள், அந்தக் கடையை அடைத்துவிட்டு ரயிலேறி வந்திருக்கிறார். கையில் பெரிய எவர்சில்வர் தட்டு. ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, மேலே ஒரு மோதிரப் பெட்டி. ரூபஸ் வேலைக்குப் போய்விட்டான்.

"ஏம்ப்பா, போன் பண்ணியிருக்கலாம்லா" என்றேன்.

"போன்ல கூப்பிட்டா அது அழைப்பாட்டி? மாப்ளய முறையா நேர்ல வந்து அழைக்கணும். உங்கம்மா வாரேன்னா. மூட்டு வலி, நான்தான் வேண்டாம்னேன். மாப்ள எப்ப வருவாரு?"

அந்தத் தட்டை அவர் மடியிலேயே வைத்திருந்தார் அக்கா. கீழே வைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதரிடம் சமூகவியல் பேச முடியுமா? கொள்கையைச் சொன்னால் சண்டை வரும், அவருக்கு ரத்த அழுத்தம். அதனால் சுருக்கமாக முடித்தேன். "அப்பா, ரூபஸுக்கு இந்த வருஷம் கிறிஸ்துமஸை வெளிநாட்டுல பாக்கணும்னு ஆசை. டிக்கெட் போட்டாச்சு. சொன்னா கேக்கமாட்டேங்கான்" என்றேன்.

"தலைக் கிறிஸ்துமஸுக்கா?"

"அவன் கொஞ்சம் மாடர்ன்ப்பா."

அவர் டீயைப் பாதி குடித்தார். மோதிரப் பெட்டியை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பழத்தையாவது மாப்ளக்கிக் குடு" என்று சொல்லிவிட்டு, ரூபஸ் வரும்வரைகூட இருக்காமல் அன்றைக்கே திரும்பிவிட்டார்.

சாயங்காலம் ரூபஸ் தட்டைப் பார்த்துவிட்டு "ஏது பழம்?" என்றான். பக்கத்து வீட்டில் விசேஷம் என்றேன். அப்புறம் சாப்பிடும்போது, "அப்பா பேசினார், வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறதாம், தலைக் கிறிஸ்துமஸ் எல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்" என்றேன்.

"கூப்பிடலையா?" என்றான்.

"பெயின்ட் வேலை ரூபஸ்."

"இல்ல, வரவேண்டாம்னு சொன்னாரா, கூப்பிடலையா?"

இப்படி ஒன்றையே இரண்டு தடவை கேட்பது அவனுடைய பழக்கம்.

நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். பொய்தான் என்று நினைக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு மோசமான வழக்கத்தில் இருந்து இரண்டு பேரையும் அடிபடாமல் வெளியே கொண்டுவருவதற்கு நான் செய்த ஏற்பாடு அது. இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு காரணம் கொடுத்தேன். இரண்டு பேரும் அவரவர் காரணத்தோடு நிம்மதியாக இருந்தார்கள். நிம்மதியாகத்தான் இருந்தார்கள், நான் பார்த்தேன்.

ரூபஸிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொன்னால் சண்டை போட மாட்டான். "போவோம் ஹெப்சி, ஒரு நாள்தான" என்பான். அதுதான் அவனிடம் உள்ள சிக்கல். அவனுக்கு அம்மா சிறுவயதிலேயே இல்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு மும்பையில் இருக்கிறார். இவன் படித்ததெல்லாம் போர்டிங் பள்ளிக்கூடத்தில். கிறிஸ்துமஸ் லீவுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் போய்விடுவார்களாம், இவனும் வார்டனும் மட்டும் இருப்பார்களாம். வார்டன் வீட்டில் இருந்து கேக் வருமாம். அதனால் குடும்பச் சடங்குக்குள்ளே என்ன அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. பேக்கரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவனுக்கு எல்லாக் கேக்கும் நன்றாகத்தான் தெரியும். இதை அவனிடமே சொல்லியிருக்கிறேன். நல்ல உதாரணம் என்றான்.

செய்துங்கநல்லூர் வந்துவிட்டதா? நேரம் இருக்கிறது.

வியன்னாவைச் சொல்கிறேன். கருத்தரங்கு முடிந்த மறுநாள் ரூபஸ் வந்து சேர்ந்தான். கால்வாய்க்குப் பக்கத்துத் தெருவில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்திருந்தேன். இந்த விடுமுறையில் எதையும் திட்டமிடக் கூடாது என்று நான் ஏற்கனவே திட்டமிட்டிருந்தேன். அருங்காட்சியகம் இல்லை, அரண்மனை இல்லை, வரிசையில் நிற்பது இல்லை. ஓய்வு மட்டும். முதல் இரண்டு நாள் அப்படியே நடந்தது. மதியம் வரை தூங்கினோம். சிவப்பு வெள்ளை டிராமில் ஏறி, எங்கே போகிறது என்று கேட்காமல் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தோம். தெருவோரத்தில் செஸ்நட் என்று ஒரு கொட்டையைச் சுட்டுப் பொட்டலத்தில் தருகிறார்கள், நம் பனங்கிழங்கு மாதிரி மாவாக இருக்கும், ரூபஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு சூடு காய்ந்தபடியே நடந்தான். காப்பிக் கடையில் ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் இருந்தாலும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். உலகத்திலேயே என் சுபாவத்துக்கு ஏற்ற ஊர் அது.

அந்தக் காப்பிக் கடையில்தான் இருபத்துநாலாம் தேதி மதியம் ரூபஸ் ஆரம்பித்தான். வெளியே ஒவ்வொரு கடையாக அடைத்துக்கொண்டிருந்தார்கள். "மாமா ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம், இல்ல?" என்றான்.

"விடேன்."

"வரமுடியாதுன்னு நாமளே சொல்லியிருப்போம். ஆனா கூப்பிட்டிருக்கலாம். அவருக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லையோ என்னவோ. என்னை மாதிரி ஆளு, வீடு வாசல்னு கேட்டா கைகாட்ட ஒண்ணும் இல்ல. அவரைக் குறை சொல்லக் கூடாது."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் அது ஓய்வுக்கான பயணம். அதனால் அழைப்பு என்கிற விஷயத்தையே வேறு கோணத்தில் விளக்கினேன். ஒருவரை ஒருவர் அழைப்பது எப்படி ஒரு கொடுக்கல் வாங்கல், அழைக்கப்படுகிறவன் எப்படிக் கடன்பட்டவன் ஆகிறான் என்று. நன்றாகத்தான் பேசினேன், கருத்தரங்கில்கூட அவ்வளவு தெளிவாக வரவில்லை. அவன் என் தட்டில் மீதி இருந்த கேக்கையும் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு ஜன்னலையே பார்த்திருந்தான். கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுப்பினான். குளித்து, தலை சீவி, வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறான். பட்டுக் கரை வேட்டி, வெள்ளைச் சட்டை. அக்டோபரிலேயே தியாகராய நகரில் வாங்கி வைத்திருக்கிறான். தலைக் கிறிஸ்துமஸுக்கு என்று. பெயின்ட் வேலை என்று நான் சொல்வதற்கு முந்தியே. அதைப் பெட்டியில் அடியில் வைத்து எடுத்து வந்திருக்கிறான்.

"என்ன ரூபஸ் இது, வெளியே பனி."

"உள்ள கம்பளிப் பேண்ட் போட்டிருக்கேன். நாலு மணி ஆராதனை. எந்திரி."

அந்த ஊரில் நாலு மணிக்கு ஆராதனை உண்டா என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தோன்றவே இல்லை. பிறந்ததில் இருந்து கிறிஸ்துமஸ் என்றால் விடிவதற்கு முன் மணி அடிக்கும், ஊரே தலை ஈரத்தோடு தெருவில் நடக்கும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று இரண்டு பேருமே நினைத்திருக்கிறோம், ஒருத்தி ஆராய்ச்சி மாணவி, ஒருவன் இன்ஜினியர். தெரு முனையில் இருந்த கோவிலுக்கு நடந்தோம். எங்கள் ஷூ சத்தத்தைத் தவிர ஒரு சத்தம் இல்லை. கதவு பூட்டியிருந்தது. அங்கெல்லாம் நள்ளிரவிலேயே ஆராதனையை முடித்துவிடுவார்களாம். பக்கவாட்டுக் கதவையும் போய்த் தள்ளிப் பார்த்தான். பூட்டு.

அந்தக் கதவுக்கு முன்னால், வேட்டி காற்றில் அடிக்க அவன் நிற்கும்போது போன் வந்தது. நம் ஊரில் அப்போது எட்டரை. ஆராதனை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார்.

அந்த அமைதியில் அப்பா பேசியது எல்லாம் எனக்கும் கேட்டது. எப்போதும் "மாப்ள" என்பவர், "தம்பி, கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்" என்றார்.

"வாழ்த்துக்கள் மாமா."

"ஊரெல்லாம் நல்லா பாத்தீயளா?"

"பாத்தோம் மாமா."

"சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தம்பி. கேக்கக் கூடாதுன்னுதான் உங்க அத்தை சொன்னா. நான் கடைய அடச்சிட்டு நேர்ல வந்து, தட்டு வச்சு அழைச்சேன். உங்களுக்கு மனசு வரல. எங்க பக்கம் என்ன குறைன்னு சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்போம்லா. இன்னைக்குக் கோவில் வாசல்ல ஒவ்வொருத்தனும் மாப்ள எங்கன்னு கேக்கான். நான் என்ன சொல்ல?"

ரூபஸ் என்னைப் பார்த்தான். முதலில் புரியாமல் பார்த்தான். அப்புறம் புரிந்து பார்த்தான். எனக்கு அந்த இரண்டாவது பார்வைதான் பிடிக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன், அவன் கையை உயர்த்தினான், பேசாதே என்பதுபோல. போனில் சொன்னான்: "தப்பு என் பேர்லதான் மாமா. எனக்குத்தான் ஊர் பாக்கணும்னு ஆசை. ஹெப்சி வேண்டாம்னுதான் சொன்னா. மன்னிச்சுக்கிடுங்க."

"சரி தம்பி. நல்லா பாத்துட்டு வாங்க" என்று அப்பா வைத்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள் அக்கா. இதில் பொய் சொன்னது யார்? நான் நவம்பரில் சொன்னது ஒரு ஏற்பாடு. இவன் சொன்னது அப்பட்டமான பொய், அதுவும் என் அப்பாவிடம், கிறிஸ்துமஸ் அன்று, கோவில் வாசலில். நான் கேட்டேனா? என்னைக் காப்பாற்று என்று நான் கேட்டேனா? என் பொறுப்பை நானே ஏற்கவிடாமல் ஒருவன் குறுக்கே புகுந்து தியாகி ஆவதற்கு என்ன பெயர்? அங்கேயே கேட்டேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருந்ததை எப்படிச் சொல்வது. அந்த ஊரில் கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் விடுமுறை, ஒரு கடை கிடையாது. உள்ளேயே கிடந்தோம். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அவன் கத்தவில்லை. டீ போட்டுக் கொடுத்தான். என் காலுறையை ஹீட்டரில் காயப் போட்டான். "தூங்குதியா, லைட்டை அணைக்கவா" என்று கேட்டான். இந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து வழக்கத்தின் வரலாறு, அப்பாவின் அந்தஸ்து ஆசை, பெண்ணின் இடம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன், அவன் அடுப்படியில் நின்று முட்டையை உடைக்கிறான். ஒரு கட்டத்தில் நான், "ரூபஸ், பதில் சொல்லு, பதில் சொல்லாம இருக்கதும் ஒரு வன்முறை" என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"நீ சொல்லுத எல்லாம் சரி ஹெப்சி. மோதிரம் தப்பு. நீ பின்னால நிக்கது தப்பு. எல்லாம் சரி. என்கிட்ட சொல்லியிருந்தா, நானே மாமாகிட்ட மோதிரம் வேண்டாம், ஹெப்சி முன்னால எங்கூட நிக்கட்டும்னு சொல்லியிருப்பேன். நீ வாதம் பண்ணி ஜெயிக்கது எனக்குப் பிடிக்கும். அதுக்குத்தான் உன் பின்னாலயே சுத்தினேன். ஆனா என்னைப் பகடைக்காயா வச்சு ஜெயிக்காத."

"அப்ப ஏன் அப்பாகிட்ட உண்மையச் சொல்லல?"

"நீ அவர் மக. கிறிஸ்துமஸ் அன்னைக்கு, கோவில்ல இருந்து வந்த கையோட, எம்மக பொய் சொல்லிட்டான்னு அவருக்குத் தெரியணுமா? உனக்கு அங்க முகம் வேணும். எனக்கு அங்க ஏற்கனவே முகம் இல்லன்னு நினைச்சுத்தான இருந்தேன்." அப்புறம் எழுந்து போகும்போது சொன்னான்: "ஒரு மாசமா அவரு கூப்பிடலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அவரு தட்டோட வந்திருக்காரு."

அவ்வளவுதான் பேசினான். வேட்டியை மடித்து, மடித்து, நாலு தடவை மடித்துப் பெட்டியில் வைத்தான். ஒரு துணியை அத்தனை தடவை மடிக்க என்ன இருக்கிறது?

உங்களுக்குத் தலைத் தீபாவளி நடந்ததா அக்கா? இல்லையா? ஓ. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டீர்களா. அப்புறமும் கூப்பிடவே இல்லையா? அப்படியானால் நீங்கள் தப்பித்தீர்கள். நான் சொல்கிற தொல்லை எதுவும் உங்களுக்கு இல்லை.

என்ன சொன்னீர்கள்? ஒவ்வொரு தீபாவளிக்கும் உங்கள் வீட்டுக்காரர் விடியும் முன்னே குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பாரா. எதற்கு? யாராவது அழைக்க வருவார்கள் என்றா?

ம்.

எத்தனை வருஷம்?

சரி. நான் கேட்டிருக்கக் கூடாது.

இது ஸ்ரீவைகுண்டம். இங்கே கொஞ்ச நேரம் நிற்கும். வாழைத்தார் ஏற்றுகிறார்கள் பாருங்கள்.

ரூபஸ் ஏன் எழுந்து போனான் என்று சொல்லவில்லையே. அதையும் சொல்லிவிடுகிறேன். புது வருஷ ஆராதனைக்கு நாசரேத்துக்கு வருகிறோம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ரூபஸே "போவோம், மாமா முகத்தைப் பாக்கணும்" என்றான். அதுவரை சரி. இன்று காலை திருநெல்வேலியில் இந்த வண்டிக்கு மாறி உட்கார்ந்ததும் அப்பா என் போனுக்குப் பேசினார். அவர் போனில் பேசினால் பெட்டிக்கே கேட்கும், கடையில் பேசிப் பழகிய குரல்.

"ஏட்டி ஹெப்சி, ஸ்டேஷனுக்கு வாரேன். ஒரு சந்தேகம். உன் வீட்டுக்காரருக்கு நம்ம வீட்டுல தங்க வசதிப்படுமா? வெளிநாடு பழகினவரு. வேணும்னா பஜார்ல லாட்ஜ் இருக்கு, நல்ல ரூமா ஒண்ணு சொல்லி வச்சிருதேன். கேட்டுச் சொல்லு."

கிண்டலாகச் சொல்லவில்லை அக்கா. கிண்டல் என்றால் நான் விட்டிருக்க மாட்டேன். நிஜமாகவே கேட்டார். கவலையாகக் கேட்டார்.

நான் "அப்புறம் பேசுதேன்ப்பா" என்று வைத்துவிட்டேன். ரூபஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகுதான் அந்த நிபந்தனை. "நான் அவர்கிட்ட ஏத்துக்கிட்டேன், அதை நான் மாத்திச் சொல்ல முடியாது. நீதான் சொல்லணும். நாசரேத்து வாரதுக்குள்ள சொல்லு. இல்லன்னா நான் இறங்க மாட்டேன். லாட்ஜுல தங்குத மருமகனா எனக்கு அந்த ஊருக்குள்ள போக முடியாது." போகிறவன் ஸ்வெட்டரை மறந்துவிட்டான்.

நான் சொல்லமாட்டேன் என்று சொல்லவே இல்லை. எப்போது, எப்படி என்பதுதான் கேள்வி. போனில் ஓடுகிற ரயிலில் இருந்து சொல்வதா, நேரில் உட்கார்ந்து பின்னணியோடு சொல்வதா? அப்பா ஸ்டேஷனில் நிற்பார். கூட யாராவது தெரிந்தவர் நிற்பார். ஐந்து பேர் நடுவில் அவர் முகம் எப்படிப் போகும்? அவரைப் பற்றி யோசிக்க வேண்டாமா? எல்லாரும் ரூபஸைப் பற்றியே யோசிக்கிறார்கள். நீங்களும்.

இதோ ஆழ்வார்திருநகரி. அடுத்தது நாங்கள்தான்.

ஒன்று செய்கிறேன். ரூபஸுக்கு ஒரு மெசேஜ் போடுகிறேன். இதோ பாருங்கள்: "அப்பாவிடம் பேசிவிட்டேன். இறங்கு." சரியாக இருக்கிறதா? பேசவில்லைதான். ஆனால் பேசப்போகிறேன். அவன் இறங்கிவிட்டால், வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பொறுமையாகப் பேசுவேன். சாயங்காலத்துக்குள். ஒரு சில மணி நேரம் முன்பின்னாக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் அடிபடாது. இதை ஏற்பாடு என்றுதான்...

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, சரி. ஏதாவது சொல்லுங்களேன். எதிர்த்தாவது சொல்லுங்கள். இவ்வளவு நேரம் நான் ஒருத்தியே பேசிக்கொண்டிருக்கிறேன்.

வேண்டாம், அழித்துவிடுகிறேன். அழித்துவிட்டேன். பாருங்கள்.

அப்பாவுக்கே போன் போடுகிறேன். மணி போகிறது. எடுக்க மாட்டேன் என்கிறார். ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால்...

அப்பா. ஆமா, நான்தான். ஸ்டேஷனுக்கு வந்தாச்சா? கேக்குதா? ஒரு நிமிஷம் நான் சொல்லுததைக் கேளுங்க, நடுவுல பேசாதீங்க. லாட்ஜ் வேண்டாம். லாட்ஜ் இல்லப்பா, வேற. வியன்னா போகணும்னு சொன்னது நான். ரூபஸ் இல்ல. அவன் ஆசையே படல. நீங்க தட்டோட வந்ததே அவனுக்குத் தெரியாது. நான் சொல்லல. நீங்க கூப்பிடவே இல்லன்னு அவன்கிட்ட சொன்னேன். கிறிஸ்துமஸ் அன்னைக்கு நீங்க போன்ல சொல்லித்தான் அவனுக்கே தெரியும்.

அப்பா?

இருக்கீங்களா?

ஆமா. அவன் ஏன் ஏத்துக்கிட்டான்னு அவன்கிட்டதான் கேக்கணும். இல்ல, நான் மன்னிப்புக் கேக்கல, நடந்ததைச் சொல்லுதேன். காரணம் இருக்கு, வீட்டுல வந்து சொல்லுதேன், அந்த வழக்கம் தப்புன்னு நான் சொல்லுதது இன்னும் சரிதான், அதுல மாத்தம் இல்ல. என்னை ஏசணும்னா ஏசுங்க, ராத்திரி முழுக்க ஏசுங்க. இப்ப நேரம் இல்ல. வண்டி மெதுவாகுதுப்பா.

நான் இருக்க பெட்டிகிட்ட நிக்காதீங்க. என் சூட்கேஸை நானே இறக்கிக்கிடுவேன். அடுத்த பெட்டிக்குப் போங்க, எஞ்சின் பக்கமா. ரூபஸ் இறங்குத மாதிரி நிக்க மாட்டான், ஜன்னலோரமா உக்காந்திருப்பான். இங்க வண்டி ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். வெறுங்கையா இருந்தாப் பரவால்ல, தட்டு வேண்டாம்.

போய் அழைங்கப்பா.